இடிக்கப்படாத மதில்

கொழும்புக் கோட்டையில் இன்று கோட்டை இல்லை. வளர்ந்துவந்த வாணிபத்திற்கு மதில்கள் இடையூறாயின. 1869ஆம் ஆண்டு தொடக்கம் பிரித்தானியர் அவற்றை இடித்துத் தள்ளினர். எனினும் உள்ளே ‘கோட்டை’, வெளியே ‘புறக்கோட்டை’ என்னும் பெயர்கள் நிலைத்துவிட்டன. பெயர்கள் மட்டுமா நிலைத்தன? இப்பகுதியின் பழைய கட்டிடங்களைப் பற்றி எழுதுவோர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய வினா இதுவே.

இக்கட்டிடங்களைப் பற்றி நம்மிடையே இருவகை நோக்குகள் உள்ளன. ஒன்று, உல்லாசப் பிரயாணியின் நோக்கு. அது தூண்களையும் வளைவுகளையும் கண்டு வியக்கும். தேசாதிபதிகளின் பெயர்களை ஒப்புவிக்கும். மற்றது, அந்நியன் கட்டியவை அழிந்தாலென்ன என்னும் நோக்கு. இது முற்போக்கானது போலத் தோன்றும். ஆயினும் இரண்டும் ஒரே தவறைச் செய்கின்றன: கட்டிடத்தைக் கட்டுவித்தவனுக்கே உரியதாகக் கருதுகின்றன.

மணிக்கூட்டுக் கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். 1857இல் எழுந்த அதனைத் திட்டமிட்டவர் தேசாதிபதி வார்டின் மனைவி என்பதை எவரும் எழுதத் தவறுவதில்லை. 1867இல் அது வெளிச்சவீடுமாயிற்று. சுற்றியெழுந்த கட்டிடங்கள் ஒளியை மறைத்தமையால் 1952இல் விளக்கு ஓய்ந்தது. அந்த ஒளியைக் கண்டு வந்த கப்பல்கள் முதலிற் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் ஏற்றிச் சென்றன. மலையகத்திலே கொழுந்து பறித்த கைகளும், துறைமுகத்திலே சுமை தாங்கிய தோள்களும் இன்றிக் கோட்டையின் வணிக மாளிகைகள் எழுந்திருக்கமாட்டா. அத்துறைமுகத் தொழிலாளர் 1927இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். கோபுரத்தின் வரலாற்றில் அதற்கு ஒரு வரியேனும் கிடைப்பதில்லை.

ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியின் கதையும் இத்தகையதே. கோட்டையின் மிகப் பழைய கட்டிடமெனக் கருதப்படும் இது 1681ஆம் ஆண்டளவிலேயே இருந்தது. ஒல்லாந்தக் கொம்பனியின் அதிகாரிகளும் ஊழியர்களும் இங்கே மருத்துவம் பெற்றனர். அதே கொம்பனி அடிமைகளை அடைத்து வைத்த இடம் அயலிலுள்ள கொம்பனித்தெரு. பிற்காலத்திற் பொலிஸ் நிலையமாயிருந்து, 1996இன் குண்டுவெடிப்பிற் சேதமுற்ற இக்கட்டிடம், 2011இல் திருத்தப்பெற்று உணவகங்களும் கடைகளும் கொண்ட வளாகமாகத் திறக்கப்பட்டது. பாழடையவிருந்த கட்டிடம் காப்பாற்றப்பட்டது. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் யாருக்காகக் காப்பாற்றப்பட்டது? வாயிலிற் காவல் இல்லாதிருக்கலாம். விலைப்பட்டியலே போதிய மதிலாகும். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமி அங்கே அமர்ந்து ஒரு கோப்பை தேநீர் அருந்தமுடியுமா?

புறக்கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் கால நூதனசாலை வேறொரு வழியைக் காட்டுகின்றது. பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அம்மாளிகை ஒரு காலத்தில் தேசாதிபதியின் இல்லம். பின்னொரு காலத்தில் தபாற் கந்தோர். ‘கந்தோர்’ என்னும் சொல்லே ஒல்லாந்தர் நமக்கு விட்டுச் சென்றதுதான். 1982இல் அது நூதனசாலையாக மக்களுக்குத் திறக்கப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகள் நுழையக்கூடிய கதவு அங்கே உண்டாயிற்று. எனினும் காட்சிக்கு வைக்கப்பட்டவை எவை? எசமானரின் தளபாடங்கள், பீங்கான்கள், நாணயங்கள், ஆயுதங்கள். கதவு திறந்தது, கதை திறக்கவில்லை.

ஆகவே பழைய கட்டிடத்தைக் காப்பதா இடிப்பதா என்பது முழுமையான வினா அன்று. காக்கத்தான் வேண்டும். சுரண்டலின் சான்றுகளை இடித்துவிட்டால் சுரண்டலை எதனைக் கொண்டு நம் பிள்ளைகளுக்கு விளக்குவது? ஆனால் காத்த கட்டிடத்தில் யார் நுழையலாம், உள்ளே யாருடைய கதை சொல்லப்படுகின்றது என்னும் இரண்டையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

மாணவரைக் கோட்டைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இவ்விரு வினாக்களையும் ஒவ்வொரு வாயிலிலும் எழுப்புவார்களாக. கல் மதிலை இடிப்பது எளிதாயிருந்தது. எஞ்சியிருக்கும் மதில், முதலிற் கண்ணுக்குப் புலப்பட்டாலன்றி இடிபடாது.