அச்சத்தின் நிலைக்களன்களும் வளர்பருவப் புனைவும்: தீபா அனப்பாரா, அசோகமித்திரன் நாவல்களை முன்வைத்து

முன்னுரை

தமிழில் துப்பறியும் நாவலுக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் காலந்தொட்டே இவ்வகைக்குப் பெருந்திரளான வாசகர் இருந்துவருகின்றனர். ஆயினும், கல்விப்புல ஆய்வு இதனைப் பெரும்பாலும் பொழுதுபோக்கு எழுத்து என்றே ஒதுக்கிவந்துள்ளது. சிறுவன் ஒருவன் உலகறிந்து முதிர்வதைக் கூறும் வளர்பருவ நாவலோ இலக்கியத் தகுதியுடையதாக ஏற்கப்பட்டது. இவ்விரு வகைகளும் ஒரே நாவலில் இணையும்போது துப்பறிதலே முதிர்தலுக்குரிய வழியாக மாறுகிறது. அவ்வாறு அமைந்த நாவல் ஒன்றைத் தமிழ் நாவல் ஒன்றோடு ஒப்பிட்டு, அஞ்சும் சமூகத்தில் வளரும் சிறுவன் எதனை அறிந்து முதிர்கிறான் என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்வுக்குரிய நூல்கள்

முதல் நூல், தீபா அனப்பாரா ஆங்கிலத்தில் எழுதி 2020-இல் வெளிவந்த 'ஜின் பேட்ரோல் ஆன் தி பர்ப்பிள் லைன்'. கேரளத்தில் பிறந்த இவர் மும்பை, தில்லி முதலிய நகரங்களில் இதழாளராகப் பணியாற்றியவர். வறுமையும் மதவன்முறையும் குழந்தைகளின் கல்வியைப் பாதிக்கும் விதம் பற்றி எழுதியவர். இந்நாவல் 2021-இல் குற்றப்புனைவுக்கான எட்கர் விருதைப் பெற்றது. இரண்டாம் நூல், அசோகமித்திரன் எழுதி 1977-இல் வெளிவந்த '18வது அட்சக்கோடு'. முன்னதன் களம் பெயர் சுட்டப்படாத வடஇந்திய நகரத்தின் குடிசைப் பகுதி. பின்னதன் களம் 1948-ஐ ஒட்டிய செகந்தராபாத். முன்னது மர்ம நாவல். பின்னதில் துப்பறிதல் என ஒன்றில்லை. எனினும், அச்சம் சூழ்ந்த சிறு குழுவினரிடையே வளரும் இளையோன் என்னும் நிலையில் இரண்டும் ஒப்புநோக்கத்தக்கன.

அச்சத்தின் நான்கு களன்கள்

மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாகிய அச்சம் தோன்றும் களன்களாகத் தொல்காப்பியர் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கையும் வகுத்துள்ளார். அனப்பாராவின் நாவலுக்கு இவ்வகைப்பாடு பெரிதும் பொருந்துகிறது.

ஒன்பது வயதுச் சிறுவன் ஜெய் தன் குடிசைப் பகுதியில் குழந்தைகள் ஒவ்வொருவராகக் காணாமற்போவதைக் கண்டு துப்பறியப் புறப்படுகிறான். தொலைக்காட்சியில் காவல்துறைத் தொடர் பார்த்துப் பழகியதே அவன் பெற்ற பயிற்சி. தோழி பரி நூல் வாசிப்பவள். வினவ வேண்டியதை வினவத் தெரிந்தவள். தோழன் ஃபயீஸ் குழந்தைகளைக் கவர்வது ஜின் என நம்புகிறான். அணங்கு என்னும் களன் இவ்வாறு நாவலின் முதற்படியாகிறது. ஆயினும் இந்நாவலில் ஆவிகள் அச்சுறுத்துவன மட்டுமல்ல. இடையிடையே வரும் கதைகளில், இறந்துபோனவர்களின் ஆவிகள் ஆதரவற்ற சிறுவரையும் பெண்களையும் காக்கின்றன. உயிருள்ள எவரும் காவாத இடத்தில் ஆவியையேனும் காவலாக்கிக்கொள்ளும் மக்களின் தேவையை ஆசிரியர் இதன்வழி உணர்த்துகிறார்.

விலங்கு இங்குத் தலைகீழாகிறது. சமோசா என்னும் தெருநாய் ஜெய்யின் துணையாகிறது. கள்வர் என்னும் களன், குழந்தைகளைக் கவர்ந்து செல்பவரைப் பற்றியது. மர்ம நாவலின் இயல்பான பொருளும் அதுவே. நான்காவதாகிய இறையே நாவலின் மையம் எனலாம். முதலில் காணாமற்போகும் பகதூரின் தாய் காவலரை நாடும்போது தன் தங்கச் சங்கிலியை இழக்கிறாள். முறையிட்டால் குடியிருப்பை இடிக்க இயந்திரங்கள் வந்துவிடும் என்று அக்கம்பக்கத்தார் அஞ்சுகின்றனர். குழந்தையை இழந்த வீட்டார் ஒருபுறம், வீட்டை இழக்க அஞ்சும் அண்டையார் மறுபுறம். குற்றம் நீடிப்பதற்கு இவர்களின் மௌனமும் இடந்தருகிறது. மறைபொருள் வெளிப்படாதிருக்கும் காரணத்தைக் குற்றவாளியின் திறமையில் வையாது சமூக அமைப்பில் வைத்திருப்பது இந்நாவலின் தனிச்சிறப்பாகும்.

ஐந்தாம் களன்: அண்டையார்

தொல்காப்பியர் கூறாத ஐந்தாம் களன் ஒன்றை இக்காலப் புனைவு முன்வைக்கிறது. அது அண்டை வீட்டார்மீது கொள்ளும் அச்சம். பழி இசுலாமியர்மீது சுமத்தப்படுகிறது. ஃபயீஸின் அண்ணன் தாரிக் கைது செய்யப்படுகிறான். கபீர், கதீஃபா என்னும் இசுலாமியக் குழந்தைகளும் காணாமற்போனபின்னும் ஐயம் முற்றிலும் அகல்வதில்லை. சான்று மாறினாலும் வெறுப்பு மாறாமை இங்குக் கருதத்தக்கது. இறுதியில் ஃபயீஸின் குடும்பம் அப்பகுதியைவிட்டு வெளியேறுகிறது. ஜெய் இழப்பது தமக்கை ரூனுவை மட்டுமன்று, தோழனையும் இழக்கிறான்.

அசோகமித்திரனின் சந்திரசேகரன் இவ்வைந்தாம் களனில் மறுமுனையில் நிற்பவன். கிரிக்கெட்டும் கல்லூரியுமாக வாழும் அத்தமிழ் இளைஞனின் நாள்களில் ரசாக்கர் பற்றிய அச்சம் மெல்லப் படர்கிறது. 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்து ஐதராபாத் இணைக்கப்பட்டபின் நிலை தலைகீழாகிறது. அஞ்சியவர் அச்சுறுத்துவோராகின்றனர். கலவரத்தினிடையே இசுலாமியர் வீடொன்றுக்குள் அவன் நுழைந்துவிட, தன் குடும்பத்தைக் காக்க வேண்டி ஒரு சிறுமி தன் ஆடையைக் களைகிறாள். அவன் அருவருப்பும் நாணமும் மேலிட ஓடுகிறான். பிறர் கண்ணில் தானே அச்சத்தின் களனாகிவிட்டதை அறிவதே அவனது முதிர்ச்சி.

இரு நாவல்களும் இங்கு ஒன்றையொன்று நிறைவுசெய்கின்றன. அச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்கிய ஜெய், அது தன் வீட்டுக்குள்ளேயே வந்துவிடக் காண்கிறான். எதனையும் தேடாத சந்திரசேகரனோ அதனைத் தன்னிடத்திலேயே காண்கிறான். மர்ம நாவல் 'யார் செய்தார்' என வினவும். அசோகமித்திரன் 'நான் யாராகிவிட்டேன்' என வினவச் செய்கிறார். அனப்பாராவும் இவ்வினாவை முற்றிலும் தவிர்க்கவில்லை. துப்பறியும் பயணத்திற்காகத் தாயின் சேமிப்பிலிருந்து ஜெய் பணம் திருடுகிறான்; அதனை ஈடுசெய்யத் தேநீர்க் கடையில் வேலை பார்க்கிறான். திருடனைத் தேடுபவனே திருடனாக நேர்வது சிறு நிகழ்ச்சியாயினும் ஆழமுடையது.

மதிப்பீடு

அனப்பாராவின் நாவலில் குறைகளும் உள. குற்றவாளி பற்றிய துப்புக் கிட்டும் இறுதிப்பகுதி விரைந்து முடிகிறது. காணாமற்போகும் குழந்தைகளின் நோக்கில் அமைந்த இயல்கள் ஜெய் அறியாத பலவற்றை வாசகருக்கு முன்னரே உணர்த்திவிடுவதால், அவனது தேடல் சிலவிடங்களில் வலுவிழக்கிறது. எனினும் அவ்வியல்களே காணாமற்போனோரை வெறும் எண்ணிக்கையாகக் குறுகவிடாமல் காக்கின்றன. இந்தியாவில் நாளொன்றுக்கு 180 குழந்தைகள்வரை காணாமற்போவதாகச் சொல்லப்படுகிறது என நூலின் பின்னுரை குறிப்பிடுகிறது. அவ்வெண்ணுக்கு முகங்கள் கொடுப்பதே அவ்வியல்களின் பணி.

ரூனுவுக்கு நேர்ந்தது இறுதிவரை முழுமையாக அறியப்படுவதில்லை. துப்பறியும் நாவலின் இலக்கணப்படி இது குறையாகத் தோன்றலாம். நொய்டாவிலுள்ள நிதாரியில் காணாமற்போன குழந்தைகளின் எலும்புகள் 2006 டிசம்பரில் கண்டெடுக்கப்பட்டன. அவ்வழக்குகள் பலவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர்களை 2023-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் விடுவித்தது. பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னும் பெற்றோருக்கு விடை கிட்டாத நாட்டில், விடை கூறி முடியும் புனைவே நம்பத்தகாததாகும்.

மும்பைத் தமிழ்ச் சூழலும் முடிவுரையும்

இவ்வைந்தாம் களன் மும்பைத் தமிழருக்கு அயலானதன்று. 1966-இல் சிவசேனை தோன்றியதை ஒட்டிய ஆண்டுகளில் தென்னிந்தியர் என்பதனாலேயே அஞ்சி வாழ்ந்த தலைமுறை மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உண்டு. 1992 டிசம்பரிலும் 1993 சனவரியிலும் நிகழ்ந்த கலவரங்கள் தாராவியையும் தாக்கின. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் தொழிலுக்காக வந்தவர்களின் வழியினரான தமிழர் பல சமயத்தவராக அடுத்தடுத்த சந்துகளில் வாழும் இடம் அது. ஒரு காலத்தில் அஞ்சியவர்களும் பின்னொரு காலத்தில் அண்டையாரை ஐயுற்றவர்களும் ஒரே மக்களாக இருக்கக்கூடும் என்பதை மேற்கண்ட இரு நாவல்களும் நினைவூட்டுகின்றன.

நாஞ்சில் நாடனின் 'மிதவை' வேலை தேடி மும்பைக்கு வந்த இளைஞனைக் காட்டியது. அம்பையின் 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' (2014) சுதா குப்தா என்னும் பெண் துப்பறிவாளரை இந்நகரில் உலவவிட்டது. தாராவியின் சந்துகளிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ச் சிறுவனோ சிறுமியோ துப்பறியும் நாவல் இவ்விரு வழிகளும் கூடும் இடத்தில் எழுதப்பட வேண்டியதாகும். மறுசீரமைப்புத் திட்டத்தால் தாராவி உருமாறவிருக்கும் இக்காலத்தில் அத்தேவை மிகுகிறது. சந்துகள் மறையுமாயின், யார் யாரை அஞ்சினர், யார் யாருக்குக் கதவு திறந்தனர் என்னும் நினைவுகளின் இடக்குறிப்பும் மறையும். அவற்றைத் தேடிப் பதிவுசெய்வதற்குத் துப்பறியும் வடிவம் தகுதியானதே என்பதனை அனப்பாராவின் நாவல் நிறுவுகிறது. அத்தேடல் தேடுவோரையும் விசாரணைக்கு உட்படுத்த வேண்டும் என்பது அசோகமித்திரனிடம் கற்க வேண்டிய பாடம். தமிழாய்வுத் துறைகள் துப்பறியும் புனைவைப் பாடத்திட்டத்தின் புறத்தே நிறுத்தும் வழக்கத்தை மறுபரிசீலனை செய்வது இதற்கு முதற்படியாக அமையும்.