பத்தாம் ஆண்டிலும் கிடைக்கும் மாட்யூல்

ராஸ்பெர்ரி பை 4 போர்டில் ஒரு கருவியை ஓட்டிக் காட்டிவிட்டு, அதை விற்பனைப் பொருளாக்கக் கிளம்புபவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட் மாட்யூல் பக்கம் வருகிறார்கள். காரணம் நியாயமானது. 2020 அக்டோபரில் வந்த கம்ப்யூட் மாட்யூல் 4இல் இருப்பது பை 4இன் அதே பிசிஎம்2711 சில்லு. எழுதிவைத்த மென்பொருள் ஏறக்குறைய அப்படியே ஓடும். 55 மி.மீ. நீளமும் 40 மி.மீ. அகலமும் உள்ள பலகைக்குள் செயலி, ரேம், இஎம்எம்சி சேமிப்பகம், ஈதர்நெட், தேவைப்பட்டால் வைஃபை எல்லாம் அடங்கிவிடுகின்றன. ரேமுக்கும் செயலிக்கும் இடையே தடங்களின் நீளத்தைச் சமன்செய்து பல அடுக்கு பிசிபி வரையும் கடினமான வேலை நம் தலையில் விழுவதில்லை. நாம் வடிவமைப்பது மாட்யூலைப் பொருத்தும் கேரியர் போர்டு மட்டும். ஆனால் தேர்வு செய்பவர்கள் வேகத்தையும் விலையையும் ஒப்பிடுவதோடு நின்றுவிடுகிறார்கள். பொருள் சந்தைக்குப் போனபின் தூக்கத்தைக் கெடுப்பவை வேறு: மாட்யூல் தொடர்ந்து கிடைக்கிறதா, கிடைக்காத மாதத்தில் அதே இடத்தில் இன்னொன்றைப் பொருத்த முடியுமா? தேர்வை இந்த இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

இன்டெல் இதற்குத் தெளிவான சான்று. 2014இல் எடிசன், 2016 ஆகஸ்டில் ஜூல் என்று மாட்யூல்களை வெளியிட்ட அந்நிறுவனம், 2017 ஜூனில் கலிலியோ போர்டையும் சேர்த்து மூன்றையும் நிறுத்துவதாக அறிவித்தது. ஜூலுக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. அன்றைய மாட்யூல்களில் அது வேகமான ஒன்று. வேகம் அதைக் காப்பாற்றவில்லை. ராஸ்பெர்ரி பை நிறுவனமோ மாட்யூல் 4ஐக் குறைந்தது 2034 ஜனவரி வரையும், 2024 நவம்பரில் வந்த மாட்யூல் 5ஐக் குறைந்தது 2036 ஜனவரி வரையும் தயாரிப்பதாக அறிவித்திருக்கிறது. அதன் விற்பனையில் பெரும்பங்கு தொழில்துறைக்குப் போவதால், இந்த வாக்கைக் காப்பாற்றுவது அதன் சொந்த நலனும்கூட.

அப்படியானால் 2021இல் தொடங்கிய சில்லுத் தட்டுப்பாட்டுக்கு என்ன பதில் என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். உற்பத்தி நிற்காது என்ற வாக்கு, சரக்கு கையிருப்பில் இருக்கும் என்ற வாக்கு ஆகாது. விலை ஏறாது என்ற வாக்கும் ஆகாது. அந்த நாட்களில் நிறுவனம் வணிக வாடிக்கையாளர்களுக்கு முன்னுரிமை கொடுத்தது, இருந்தும் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2025இல் நினைவகச் சில்லுகளின் விலை உயர்ந்தபோது 4 ஜிபி, 8 ஜிபி மாட்யூல்களின் விலையும் உயர்ந்தது. வடிவமைப்பாளர் கையில் இருக்கும் மருந்து ஒன்றுதான்: மென்பொருளைச் சிறிய ரேமுக்குள் அடக்குவது. மாட்யூல் 4 ரேம், சேமிப்பகம், வைஃபை ஆகியவற்றின் சேர்க்கையில் 32 வகைகளாக வருகிறது. 2 ஜிபியில் ஓடும் பொருளுக்கு 4 ஜிபி வகையும் 8 ஜிபி வகையும் மாற்றாக உதவும். 8 ஜிபி கேட்கும் பொருளுக்கு அந்த ஒரு வரிசையை விட்டால் வேறு கதி இல்லை.

இதே சிந்தனையைக் கேரியர் போர்டுக்கும் நீட்டினால், மாட்யூல் 4, 5 இரண்டும் பொருந்தும்படி ஒரே போர்டை வரைவதுதான் சிறந்த காப்பீடு. இரண்டுக்கும் ஒரே அளவு, அதே இரண்டு 100 பின் கனெக்டர்கள். ஆனால் நான்கில் இரண்டாவது கேமராவுக்கும் இரண்டாவது திரைக்கும் இருந்த பின்களில் ஐந்து யுஎஸ்பி 3 தருகிறது. ஆகவே அவற்றைத் தொடக்கூடாது. மின்வழங்கலையும் வெப்பம் வெளியேறும் வழியையும் ஐந்தின் பசிக்கு ஏற்றபடி கணக்கிட வேண்டும். முன்மாதிரியிலிருந்து வருபவர்கள் வழக்கமாக இடறும் இடம் யுஎஸ்பி. பை 4இல் யுஎஸ்பி 3 தருவது பிசிஐஇ வழியில் தொங்கும் தனிச் சில்லு. மாட்யூல் 4இல் அந்தச் சில்லு கிடையாது, பிசிஐஇ வழி மட்டும் வெளியே வருகிறது. இருக்கும் ஒரே யுஎஸ்பி 2 இணைப்பும் அமைப்புக் கோப்பில் இயக்கிவிடும்வரை உறங்கிக்கொண்டிருக்கும். முன்மாதிரியில் யுஎஸ்பி 3 கேமரா இருந்தால் இது முதல் வாரமே தெரிந்திருக்க வேண்டிய செய்தி. இன்னொன்று, இஎம்எம்சியில் மென்பொருளை ஏற்ற, பூட் பின் ஒன்றைத் தரையோடு இணைத்து யுஎஸ்பி வழியே நுழைய வேண்டும். அந்தப் பின்னைக் கேரியர் போர்டில் வெளியே கொண்டுவராமல் விட்டால், தொழிற்சாலையில் அடுக்கிய பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறக்க நேரும்.

பை போர்டையே பெட்டிக்குள் வைத்து விற்றால் என்ன என்பாரும் உண்டு. சில பத்து எண்ணிக்கைக்கு அது தவறில்லை. அதற்கு மேல் போனால், அடிக்கடி மின்சாரம் போகும் இடத்தில் எஸ்டி கார்டு கெட்டுப்போவதும், நமக்கு வேண்டாத திசையில் நிற்கும் இணைப்புத் துளைகளும் பராமரிப்புச் செலவாகத் திரும்பி வரும்.

எல்லாப் பொருளுக்கும் கம்ப்யூட் மாட்யூலைப் பரிந்துரைக்க மாட்டேன். பேட்டரியில் மாதக்கணக்கில் உறங்கி விழிக்க வேண்டிய உணரிக்கு இது ஆகாது. ஆழ்ந்த உறக்க நிலை இதில் இல்லை, சும்மா இருக்கும்போதும் மின்சாரம் தின்னும். அங்கே ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போதும். வலுவான ஆட்சேபம் வேறிடத்திலிருந்து வருகிறது: விற்பனை பல்லாயிரமாக வளர்ந்தால் மாட்யூலைக் கைவிட்டுச் சில்லை நேரடியாகப் போர்டில் பதிக்கத் தோன்றும், ஆனால் பிசிஎம்2711 சில்லறையாக விற்கப்படுவதில்லை. என்எக்ஸ்பியின் ஐ.எம்எக்ஸ் 8எம் பிளஸ், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்62 போன்ற சில்லுகளைத் தனியாகவும் வாங்கலாம், அவற்றைத் தாங்கிய ஸ்மார்க் தர மாட்யூல்களாகவும் வாங்கலாம். ஸ்மார்க் ஒரு பொதுத் தரம் என்பதால் ஜெர்மனியின் கான்காடெக்கிடமும் பெங்களூரின் ஐவேவிடமும் ஒரே இணைப்பில் பொருந்தும் மாட்யூல்கள் கிடைக்கும். இதற்கு விலையும் உண்டு: லினக்ஸ் படிமத்தை யாக்டோ கருவித்தொகுப்பில் நாமே கட்டிப் பராமரிக்க வேண்டும், ராஸ்பெர்ரி பையின் பெரிய பயனர் கூட்டம் துணைக்கு வராது. ஆண்டுக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் வரை விற்கும் சிறு நிறுவனத்துக்கு அந்த உழைப்பு கட்டுப்படியாகாது. அவர்களுக்கு 2 ஜிபி மாட்யூல் 4ஐயும், ஐந்தையும் ஏற்கும் கேரியர் போர்டையும் சொல்வேன். பல்லாயிரத்தை உறுதியாக எதிர்பார்ப்பவர் முதல் முன்மாதிரியையே ஐ.எம்எக்ஸ் அல்லது ஏஎம்62 மாட்யூலில் செய்துவிடுவது நல்லது. மென்பொருளை ஒரே ஒரு முறை எழுதினால் போதும்.