அரை மதிப்பெண்

1977இல் வந்த பாரதிராஜாவின் '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் கொடுத்த மதிப்பெண் 62.5. அடுத்த ஆண்டு வந்த மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' படத்துக்கு 61. தமிழ் சினிமாவைப் பற்றிச் சற்று உரக்கப் பேசுகிறவர்கள் பலருக்கும் இந்த எண்கள் மனப்பாடம். கூடவே அச்சான விமர்சனங்களில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டுப் பாருங்கள். சொல்லக்கூடிய ஓர் ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. எழுத்து போய்விட்டது, எண் நிற்கிறது.

எனக்கு அந்த அரையின் மீதுதான் கண். வங்கியில் கேஷ் கவுன்ட்டரில் உட்காருகிறவன் நான். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது பத்து ரூபாய் இடித்தால் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. ஆனால் அந்தப் பத்து ரூபாய் ஏதோ ஒரு வவுச்சரில் இருக்கிறது, தேடினால் அகப்படும். 62க்கும் 62.5க்கும் இடையே கிடக்கும் அரைக்கு வவுச்சர் எங்கே? நிவாஸின் காமிராவிலா, ஸ்ரீதேவியின் முகத்திலா, இளையராஜாவின் பின்னணி இசையிலா? 100ஐ அரை அரையாகப் பிரித்தால் 200 படிகள். ஒரு மனிதனின் ரசனை 200 படிகளைத் தனித்தனியாக உணரும் என்று சொன்னால் சங்கீத வித்வான்கள்கூடச் சிரிப்பார்கள். இருந்தும் அந்த அரைக்கு ஒரு காரியம் உண்டு. முழு எண் மனதில் தோன்றியது போலிருக்கும். அரை இருந்தால் கூட்டிக் கழித்து எடுத்தது போலிருக்கும். நம்பகத்தன்மைக்கான ஒப்பனை அது.

இந்த முறையின் பிறந்த வீடு பள்ளிக்கூடம். 35 தேர்ச்சி, 60 முதல் வகுப்பு என்று வளர்ந்த ஜனங்கள் நாம். நம்முடைய ஆகச் சிறந்த படங்கள் என்று கொண்டாடப்பட்டவை முதல் வகுப்புக் கோட்டை உரசிக்கொண்டு நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 100 என்று ஓர் எல்லை போட்டுவிட்டால், அந்த 100ஐயும் வாங்கக்கூடிய விடைத்தாள் திருத்துகிறவரின் மேஜை டிராயரில் முன்கூட்டியே இருக்கிறது என்று அர்த்தம். அப்படி ஒன்று இருந்ததா? செட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த கிராமத்தை அந்தப் படம் வெளியே, வெயிலுக்குக் கொண்டுவந்த அன்று, அதைத் திருத்துவதற்கான விடை எவர் கையிலும் கிடையாது. படம்தான் அந்த விடையை உண்டாக்கியது. பிறகு வந்த கிராமத்துப் படங்கள் எல்லாம் அதைப் பார்த்து எழுதின. மீதி 37.5ஐ யாருக்காக எடுத்து வைத்திருந்தார்கள் என்பது மர்மம்.

வெளிநாட்டுக்காரன் மட்டும் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. நியூயார்க் டெய்லி நியூஸ் பத்திரிகையில் ஐரீன் தைரர் 1928இலேயே படங்களுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்துவிட்டார். கோதார்டும் த்ரூஃபோவும் எழுதிப் பழகிய 'கையே து சினிமா'விலும் 1955 முதல் பத்து விமர்சகர்களின் அட்டவணை ஒன்று வந்தது. ஒரு நட்சத்திரம் என்றால் வேறு வழியில்லாவிட்டால் பார்க்கலாம், இரண்டு என்றால் பார்க்கலாம், மூன்று என்றால் அவசியம் பார்க்கவேண்டும், நான்கு மகத்தான படைப்பு. கறுப்புப் புள்ளி விழுந்தால் வீட்டைவிட்டுக் கிளம்பவே வேண்டாம். ஆனால் அங்கே ஒவ்வொரு குறிக்கும் தலைமாட்டில் ஒரு பெயர் இருந்தது. இது பாஸான் போட்டது, இது ரிவெத் போட்டது என்று தெரியும். ஒரே படத்துக்கு ஒருவர் நான்கும் இன்னொருவர் கறுப்புப் புள்ளியும் போட இடமிருந்தது. அது மதிப்பெண் பட்டியல் அல்ல, சண்டையின் வரைபடம். சண்டைக்கான காரணங்கள் மற்றப் பக்கங்களில் நீளமாக, ஆவேசமாக இருந்தன.

1998இல் தொடங்கிய 'ராட்டன் டொமேட்டோஸ்' கணக்கு இந்தச் சண்டையையும் துடைத்துவிட்டது. அதன் சதவீதம் படத்தின் தரம் அல்ல, சாதகமாக எழுதியவர்களின் விகிதம். 'பரவாயில்லை' என்று எல்லோரும் சொன்ன படம் 100 வாங்கும். பாதிப் பேரைப் பித்துப் பிடிக்க வைத்து, பாதிப் பேரை எழுந்து ஓட வைத்த படம் 50இல் நிற்கும். நான் பார்க்க விரும்புவது இரண்டாவதை.

சுருக்கமாகச் சொல்வது குற்றம் என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். 'இஸின்ட் இட் ரொமான்டிக்' என்று 1948இல் ஓர் அமெரிக்கப் படம். தலைப்பே ஒரு கேள்வி. லியனார்ட் மால்டின் தன் கையேட்டில் அதற்கு ஒரே வார்த்தையில் மறுப்புச் சொல்லி முடித்துக்கொண்டார். அது விமர்சனம்தான். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார், அவரோடு நாம் மல்லுக்கு நிற்கலாம். நம்மூரில் சுருக்கத் தீர்ப்பின் நிலைமை வேறு. 'ஒருமுறை பார்க்கலாம்.' இதைச் சொல்கிறவன் எதற்கும் பொறுப்பேற்பதில்லை. பிடித்தது என்றும் சொல்லவில்லை, பிடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. டிக்கெட் காசு போனதற்குத் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்கிறான். 'முதல் பாதி ஓகே, இரண்டாம் பாதி இழுவை' என்பது இன்னொன்று. இடைவேளையை உள்ளேயே வைத்துக் கதை கட்டும் ஒரு சினிமாவுக்கு ஏற்ற அழகியல் கோட்பாடு.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க நமக்கு அருகதை இருக்கிறதா என்பது வேறு விஷயம். க.நா.சு. பட்டியல் போட்டார். 'எழுத்து'வை 1959இல் தொடங்கிய செல்லப்பா, அலசிக் காட்டாமல் தீர்ப்புச் சொல்வது விமர்சனம் ஆகாது என்ற கட்சி. அந்தத் தகராறில் நான் வெகு நாள் செல்லப்பா பக்கம் இருந்தேன், இப்போது அவ்வளவு நிச்சயமாக இல்லை. க.நா.சு.வின் பட்டியலில் ஒரு பெயர் இருந்தால், வாழ்நாள் முழுக்கப் படித்த ஒரு மனிதன் தன் மானத்தை அதன்மேல் வைத்திருந்தான். ஆனால் அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது படிப்பை அல்ல, பட்டியலை. டீக்கடையில் நின்றுகொண்டு 'குப்பை', 'தேறாது' என்று நாம் கழித்துக்கட்டுவதற்கும் அந்த 62.5க்கும் என்ன பெரிய வித்தியாசம்? அவர்களாவது எண்ணை அச்சில் போட்டார்கள்.

வாரச்சந்தைக்கு வராத சரக்குக்கு விலை கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். அதே 1977இல் ஜான் ஆபிரகாம் எடுத்த படம் 'அக்ரஹாரத்தில் கழுதை'. வெங்கட் சாமிநாதன் எழுதியது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தும் தியேட்டர்களுக்கு அது முறையாக வந்து சேரவில்லை. பரீட்சைக்கே விடாத பையனின் மார்க்கை யார் ஞாபகம் வைத்திருக்கப்போகிறார்கள்?

திரும்பவும் 62.5க்கும் 61க்கும் வருகிறேன். இரண்டு படங்களையும் சமீபத்தில் அடுத்தடுத்துப் பார்த்தேன். '16 வயதினிலே' கண்ணைத் திறந்த படம், சந்தேகமில்லை. ஆனால் அதன் உலகத்தில் நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம். கெட்டதெல்லாம் பரட்டையிடமும் டவுனிலிருந்து வந்த டாக்டரிடமும் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. கல்லைத் தூக்கிப் போட்டுத் தீர்த்துவிடலாம். 'முள்ளும் மலரும்' காளியிடம் இந்த வசதி இல்லை. தங்கை மேலுள்ள பாசமும் அவளைக் கட்டிப்போடுகிற அகங்காரமும் அவனிடம் ஒரே பொருள்தான், பிரித்தெடுக்க முடியாது. கடைசியில் கல்யாணக் கூட்டத்தை விட்டு அவள் அவனிடம் ஓடிவந்த பிறகுதான் அவன் விட்டுக்கொடுக்கிறான். அப்போதும் அந்த இன்ஜினியரைப் பிடிக்கவில்லை என்பதை அவரிடமே சொல்லிவிட்டுத்தான். மனம் மாறிவிட்டதாக மகேந்திரன் பொய் சொல்லவில்லை. இயக்குனராவதற்கு முன் துக்ளக்கில் மற்றவர்கள் படத்தை விமர்சித்தவர் அவர். தன் கதாபாத்திரத்தையும் சலுகை காட்டாமல்தான் பார்த்திருக்கிறார். ஒன்றரை மதிப்பெண் குறைந்தது இந்த இடத்துக்காக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இப்படிக் கேட்கும்போதே நானும் சிவப்பு மையைத் திறந்துவிட்டேன் என்பது தெரிகிறது. இருக்கட்டும், காரணத்தையாவது எழுதிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், பக்கத்து ஸீட்காரர் ராத்திரி என்ன படம் பார்த்தீர்கள் என்று விசாரித்தார். சொன்னேன். "எவ்வளவு மார்க் சார் போடலாம்?" என்றார். மார்க்கை விட்டுவிட்டு, காளி சாலையில் தனியாக நிற்பதையும், அவள் கூட்டத்திலிருந்து திரும்பிப் பார்ப்பதையும், ஒரு வாய் சோறு கையிலேயே காய, சொல்லிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டார். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்: "அப்ப, ஒருதரம் பார்க்கலாம்கிறீங்க."