'நடத்தை' என்னும் பிரதி: வாசகர் யார்?

அமெரிக்காவின் ஊனமுற்றோர் கல்விச் சட்டம் 1997இல் திருத்தப்பட்டபோது ஒரு வாக்கியம் உள்ளே வந்தது. ஒரு குழந்தையின் நடத்தை அதன் படிப்பையோ மற்றவர் படிப்பையோ தடுக்குமானால், அதற்கான தனிநபர் கல்வித் திட்டத்தை எழுதும் குழு நேர்மறையான நடத்தை ஆதரவுகளைக் கருதிப்பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்தக் 'கருதிப்பார்த்தல்' என்கிற வினையில்தான் எனக்குச் சிக்கல். 'தர வேண்டும்' என்று சட்டம் சொல்லவில்லை. கருதினோம், தேவைப்படலை என்று குழு எழுதிவிட்டால், மறுத்து வழக்காட வேண்டியது பெற்றோர் பாடு.

அது எப்போது கடமையாகிறது? ஒழுங்கு நடவடிக்கையாக 10 பள்ளி நாட்களுக்கு மேல் குழந்தையை வெளியேற்ற முடிவெடுத்து, அந்தச் செயல் ஊனத்தின் வெளிப்பாடே என்று கூட்டம் போட்டுத் தீர்மானித்த பிறகு. அப்போது நடத்தையின் காரணத்தை ஆராய்ந்து ஆதரவுத் திட்டம் எழுதியாக வேண்டும். ஆக, தண்டனையின் வாசல் வழியாகத்தான் உதவி நிச்சயமாக உள்ளே வருகிறது. அந்த வாசலையும் சாத்திவிட ஒரு தொலைபேசி போதும்: 'இன்னிக்கு கொஞ்சம் சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போயிடுங்க.' இது இடைநீக்கம் என்று எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஏறாத நாள் 10இல் சேர்வதுமில்லை. 2022இல் கல்வித்துறை தன் வழிகாட்டலில் இதற்கு 'முறைசாரா வெளியேற்றம்' என்று பெயர் வைத்தது. இதனால்தான் அனுபவப்பட்ட பெற்றோர் எதையும் வாய்மொழியாகக் கேட்பதில்லை. தேதி போட்டு எழுதிக் கேட்கிறார்கள், ஒவ்வொரு அழைப்பையும் குறித்து வைக்கிறார்கள். அதிகாரத்தின் எழுத்தை அவர்கள் எழுத்தாலேயே எதிர்கொள்கிறார்கள்.

இங்கே நம் நண்பர்கள் குறுக்கிடுவார்கள் என்று தெரியும். ஃபூக்கோ வாசித்தவர்களுக்கு இதெல்லாம் கண்காணிப்பின் இன்னொரு படிவம். குழந்தையின் உடலைப் பணிய வைக்கும் தொழில்நுட்பம். இந்தச் சந்தேகத்துக்கு வரலாறு இருக்கிறது. 1960களில் கலிபோர்னியாவில் லோவாஸ் ஆட்டிசக் குழந்தைகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார். மசாசூசெட்ஸில் ஒரு நிறுவனம் பயன்படுத்திய அதிர்ச்சிக் கருவியை உணவு மருந்து நிர்வாகம் 2020இல் தடை செய்ய, 2021இல் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. எனவே 'நடத்தை' என்ற சொல்லைக் கேட்டதும் கூசுவது நியாயம்தான். ஆனால் கூச்சத்தோடு நின்றுவிட்டால் குழந்தை எங்கே போகும்? வீட்டுக்கு. வெளியேற்றுவதும் அதிகாரம்தானே அய்யா.

எனக்குப் படுவது வேறு. காரணம் தேடும் அந்த ஆய்வு, நல்ல கைகளில், ஒரு வாசிப்பு. செயலுக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன கிடைத்தது என்று மூன்று பத்தியாகப் போட்டு எழுதுகிறார்கள். அடித்தான், கடித்தான் என்று மட்டும் பதிவாகியிருந்த இடத்தில், மணி ஒலித்தது, வரிசையில் நிற்கச் சொன்னார்கள், பிறகு அடித்தான் என்று சூழல் வந்து சேர்கிறது. கெட்ட பிள்ளை என்ற தீர்ப்பு நகர்ந்து, இவன் எதையோ சொல்கிறான் என்றாகிறது. இது சின்ன விஷயமில்லை.

போதாமையும் அங்கேதான். விடைகள் முன்னமே சில பெட்டிகளாக இருக்கின்றன: கவனம் பெற, ஒரு பொருளைப் பெற, தப்பிக்க, புலன் இன்பத்துக்காக. 'தப்பிக்க' என்று குறித்துவிட்டால், தப்பிக்கத் தகுந்ததாகவே அந்த வகுப்பறை இருந்ததா என்று கேட்கப் படிவத்தில் கட்டம் கிடையாது. குழந்தையைப் பிரதியாக்குகிறவர்கள் பள்ளியை வாசிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கொலராடோவின் 'என்ட்ரூ எஃப்.' வழக்கில் பள்ளியின் திட்டங்களே பிரதிகளாகி மாட்டிக்கொண்டன. ஆட்டிசம் உள்ள அந்தப் பையன் வகுப்பில் கத்துவான், மேசை நாற்காலிகள் மேலும் மற்ற பிள்ளைகள் மேலும் ஏறுவான், சில சமயம் பள்ளியை விட்டே ஓடுவான். ஈ என்றால் பயம், எதாவது சிந்தினால் பயம், பொதுக் கழிப்பறை என்றால் பயம். அவனுடைய ஆண்டுத் திட்டங்களிலோ அதே இலக்குகள் வருஷா வருஷம் திரும்பத் திரும்ப நகலாகி வந்தன. 2010இல் பெற்றோர் அவனைத் தனியார் பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே எந்த நடத்தைகள் அதிகம் இடறுகின்றன என்று இனங்கண்டு, ஒவ்வொன்றுக்கும் வழி எழுதினார்கள். சில மாதங்களிலேயே முன்னேற்றம் தெரிந்தது.

கட்டணத்தைத் திரும்பக் கேட்டுப் பெற்றோர் நடந்த நடையில், பூஜ்யத்தைவிட ஒரு துளி அதிகமாகப் பலன் இருந்தால் போதும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். 2017இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மறுத்தது: குழந்தையின் சூழ்நிலைக்குத் தகுந்த முன்னேற்றத்தைச் சாத்தியமாக்கும் வகையில் திட்டம் இருக்க வேண்டும். 2018இல் மாவட்ட நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. ஐந்தாம் வகுப்புக்கு எழுதிய ஒரு திட்டத்தைச் சரியாக வாசிக்க எட்டு வருஷம் பிடித்திருக்கிறது. அதற்குள் அவன் ஐந்தாம் வகுப்பு வயதைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தான்.