ஜெம்பே என்ன சொல்கிறது?

பெங்களூரில் அலுவலக விழாவானாலும் பள்ளி ஆண்டு விழாவானாலும், வட்டமாக உட்கார்ந்து எல்லாரும் ஜெம்பே தட்டும் 'டிரம் சர்க்கிள்' நம் பிள்ளைகளுக்கு நன்கு பழகிய விஷயம். இதை இந்நகரில் பரப்பியவர்களில் முக்கியமானவர் வசுந்தரா தாஸ். 'ஹே ராம்' (2000) படத்தின் நடிகை, 'முதல்வன்' (1999) படத்தில் பாடியவர் என்று நாம் அறிந்தவர்தான். டிரம்மர் ராபர்ட்டோ நரேனுடன் சேர்ந்து 'டிரம்ஜாம்' தொடங்கினார். "நமக்கெல்லாம் சங்கீதம் வராதுங்க" என்று ஒதுங்கி நிற்பவரையும் வாசிக்க வைப்பது சின்னக் காரியமல்ல.

ஆனால் ஜெம்பே பிறந்த ஊரில் அதன் வேலை வேறு. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி, மாலி நாடுகளைச் சேர்ந்த மாண்டிங் மக்களின் மேளம் அது. ஒரே மரத்தைக் குடைந்து ஆட்டுத்தோல் கட்டுவார்கள். கினியில் கென்கெனி, சங்பான், துந்துன்பா என்ற மூன்று துனுன் மேளங்கள் குச்சியடியில் அடித்தளம் போட, அதன்மேல் ஜெம்பே பேசும். வயல் வேலைக்குக் 'காஸா', சுன்னத்துச் சடங்குக்கு 'ஸோலி' என்று தாளத்துக்குத் தாளம் வேளை உண்டு.

கினியின் மாமாடி கெய்ட்டா (1950–2021) இளவயதிலேயே கிராமத்தை விட்டு அரசு நடனக் குழுவுக்குப் போனவர். பிறகு பிரஸ்ஸல்ஸில் பள்ளி நடத்தினார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து அவர் ஊர் திரும்புவதைக் காட்டும் ஆவணப்படம் 'ஜெம்பேஃபோலா' (1991). ஊரை விட்டு வந்த நாம் அவசியம் பார்க்க வேண்டிய படம். ஜெம்பேயைப் பேச வைப்பவர் என்பது தலைப்பின் பொருள்.

மும்பையின் தவுஃபீக் குரேஷி வேறு வழி பிடித்தார். தந்தை அல்லா ரக்கா வழிவந்த தபலாச் சொற்கட்டுகளை ஜெம்பேயில் வாசித்தார. ஆப்பிரிக்கச் சொல் போனாலும் அங்கே வேறொரு சொல் வந்து உட்கார்ந்தது. நான் கேட்ட பெங்களூர் வட்டங்கள் பலவற்றில் உற்சாகம் இருக்கிறது, சொல் இல்லை. 'ஸ்ட்ரெஸ் போகும்' என்பதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது.

இது ஆப்பிரிக்கர் கவலை, நமக்கென்ன என்று இருக்க முடியாது. 'பறைதல்' என்றாலும் சொல்லுதல்தானே? சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி என்று பேசிய கருவி அது. அடித்தவர்களைத் தெருவுக்கு வெளியே நிறுத்திய சமூகம், இன்று அதே பறைக்கு மேடையில் கைதட்டுகிறது. மிக நல்லது. ஆனால் அடியின் பெயரும், அதைக் காத்தவர்களின் வரலாறும் விடுபட்டால், பறையும் இன்னொரு 'டிரம் சர்க்கிள்' ஆகிவிடும்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை ஜெம்பே கற்கட்டும், பறையும் கற்கட்டும். ஆசிரியரிடம் ஒன்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: "இது எந்த ஊர்த் தாளம்? எதற்கு வாசிப்பாங்க?"