ஆவே மரியா நகரியம்: நிதியும் ஆட்சியும்

ஆவே மரியா என்பது ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், கொலியர் கவுண்டியில் அமைந்துள்ள ஒரு நகரியம் ஆகும். 'மரியே வாழ்க' என்பது இந்த இலத்தீன் பெயரின் பொருள். டோமினோஸ் பீட்சா நிறுவனர்களில் ஒருவரான டாம் மோனகன் 1998-இல் நிறுவனத்தின் பெரும்பங்கை விற்று, அப்பணத்தைக் கத்தோலிக்கக் கல்விக்குச் செலவிட்டார். பல்கலைக்கழகமும் கோவிலும் நடுவில் அமைய, அவற்றைச் சுற்றிக் குடும்பங்கள் வாழும் ஊர் என்பது அவரது திட்டம். ஊர் 2007-இல் திறக்கப்பட்டது.

நிதி

பல்கலைக்கழகத்துக்கான நிலத்தைப் பாரன் கொலியர் நிறுவனம் கொடையாக அளித்தது. ஊரை அந்நிறுவனமும் மோனகனும் கூட்டாக உருவாக்கினர். பல்கலைக்கழகம் வந்தால் சுற்றியுள்ள விளைநிலத்தின் மதிப்பு உயரும், வீட்டுமனை விற்பனையின் ஆதாயம் பல்கலைக்கழகத்துக்கு உதவும் என்பது கணக்கு. அக்காலத்து வீட்டுச் சந்தைச் சரிவில் விற்பனை மந்தமானது. ஆனால் சாலை, வடிகால் பணிகளுக்குக் கடன் பத்திரங்கள் மூலம் திரட்டிய பணத்தை அடைத்தாக வேண்டும். அதற்கான கட்டணம் நில, வீட்டு உரிமையாளர்கள்மீது விதிக்கப்படுகிறது.

ஆட்சி

ஊருக்கு மேயரோ நகரமன்றமோ இல்லை. மாநிலச் சட்டமன்றம் 2004-இல் உருவாக்கிய சிறப்பு ஆட்சி வட்டாரம் பொதுவசதிகளைக் கவனிக்கிறது. அதன் ஐவர் வாரியத்துக்கு நில உரிமையாளர்கள் ஏக்கருக்கு ஒரு வாக்கு என்ற முறையில் வாக்களிப்பர். குடியிருப்போர் தேர்ந்தெடுக்கும் இடங்கள் கூடுவது மக்கள்தொகையைப் பொறுத்ததன்று. நகரமாக மாறிய நிலப்பரப்பைப் பொறுத்தது.

விமர்சனம்

மருந்துக் கடைகளில் கருத்தடைப் பொருள்கள் விற்கப்படமாட்டா என்று மோனகன் கூறியதே பெரும் சர்ச்சையானது. அது சட்டத் தடை அன்று, வேண்டுகோளே என 2006-இல் விளக்கப்பட்டதும் அந்தச் சர்ச்சை தணிந்தது. ஆனால் வாக்குமுறை பற்றிய கேள்வி அப்படித் தீரவில்லை.

முதலீட்டின் இடரைச் சுமப்பவருக்குத் தொடக்கத்தில் கட்டுப்பாடு தேவை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. வெறும் நிலத்தில் வாக்காளர்களே இருக்கமாட்டார்கள். ஆனால் குடும்பங்கள் குடியேறிக் கடனையும் அடைக்கத் தொடங்கியபின் அந்த நியாயம் குறைகிறது. கால் ஏக்கர் மனையில் வாழும் குடும்பத்தின் குரல், ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கும் நிறுவனத்தின்முன் எடுபடாது.

கத்தோலிக்கச் சமூகப் போதனையே இதற்கு மாறானது. சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளக் கூடாது என்பது திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931-இல் வலியுறுத்திய கோட்பாடு. அதை ஊரின் பெயரிலும் கோவிலிலும் காட்டினால் போதாது. யார் பணம் தருகிறார், யார் முடிவெடுக்கிறார் என்பதிலும் அது தெரிய வேண்டும்.