பரிசு மலர்களும் பள்ளிக்கூடமும்

பரிசளிப்பு விழாவையொட்டி நம் கல்லூரிகள் வெளியிடும் ஆண்டு மலர்களை இலக்கியமென எவரும் எடுத்துக்கொள்வதில்லை. பெற்றார் தம் பிள்ளையின் பெயர் வந்த பக்கத்தை மடித்து வைத்துக்கொள்கின்றனர். அத்துடன் மலரின் பணி முடிந்துவிடுகின்றது. ஆயினும், ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளிடத்து எதனை மதிக்கின்றது என்பதை இவற்றைப்போல் மறைப்பின்றிக் காட்டும் எழுத்து வேறில்லை என்பது நம் கருத்து.

முதற்கண் அதிபர் அறிக்கை. இவ்வுரைநடைக்குத் தனியான ஓர் இலக்கணம் உண்டு. மருத்துவபீடத்துக்கும் பொறியியற்பீடத்துக்கும் தெரிவானோர் முதலில், பெயர் பெயராக, வர்த்தகம் அடுத்து, கலைப்பிரிவினர் பெரும்பாலும் வெறும் தொகையாக. பின்னர் 9 ஏ பெற்றோர், இல்ல விளையாட்டுப் போட்டி, சாரணர், தமிழ்மொழித் தினப் போட்டிகள். இறுதியிற் கட்டடத் தேவை. பரீட்சைக்குத் தோற்றியோர் தொகையும் சித்தியடைந்தோர் தொகையும் தரப்படும். சித்தியடையாதோர் எத்துணைபேர் என்பதை வாசகரே கழித்து அறியவேண்டும். இடைவிலகியோரோ கழித்தற் கணக்கிலும் அகப்படுவதில்லை.

சாதனையைப் பாராட்டுவது தவறா என நண்பர்கள் வினவலாம். தவறன்று. கூலித் தொழிலாளியின் மகள் மேடையேறிப் பரிசு பெறும்போது எழும் கரகோஷம், அக்குடும்பத்துக்கு ஊரார் ஒருங்கே அளிக்கும் முதல் மரியாதையாகவும் இருக்கலாம். அதனை எள்ளி நகையாட நாம் ஆயத்தமாயில்லை. நம் வினா வேறு: அச்சாதனை யாருடையது?

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, கன்னங்கராவின் பெயரால் இன்றும் போற்றப்படுகின்றது. கிராமத்துப் பிள்ளைக்கு வழி திறக்கவே புலமைப்பரிசில் பரீட்சையும் வகுக்கப்பட்டது. இன்று அதே பரீட்சை, நகரத்துப் பெரிய கல்லூரிகள் ஆறாந்தரத்துக்குப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுக்கும் சல்லடையாகவும் பயன்படுகின்றது. பத்து வயதிற் கெட்டிக்காரரெனக் கண்ட பிள்ளையை அழைத்துக்கொண்டு, எட்டு ஆண்டுகளின் பின் அப்பிள்ளையின் பெறுபேற்றைக் கல்லூரி தன் பதாகையில் எழுதுகின்றது. அரிச்சுவடி கற்பித்த கிராமத்து ஆசிரியை மலரின் எப்பக்கத்திலும் இல்லை. நாட்டின் ஏறத்தாழப் பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகளுள், உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள 1ஏபி பாடசாலைகள் ஏறத்தாழ ஆயிரமே. மலையகத்திலோ வன்னியிலோ அவ்வாயிரத்துக்கு வெளியே பயிலும் பிள்ளை விஞ்ஞானம் கற்க விரும்பினால், ஊரைவிட்டே வெளியேறவேண்டும். பேருந்துக் கட்டணமும் விடுதிச் செலவும் திறமையின் பகுதிகளாகிவிடுகின்றன. அறிக்கையோ திறமையை மட்டுமே சொல்கின்றது.

மாணவர் ஆக்கங்கள் என்னும் பகுதி நமக்கு மேலும் கவலை தருகின்றது. தாயின் பெருமை, தமிழின் இனிமை, மரம் நடுதல்: பிள்ளையின் கையெழுத்து, ஆசிரியரின் மொழி. பரிசுக்கு உகந்தது எது என்பதைப் பிள்ளை விரைவிலே கற்றுக்கொள்கின்றது. அரிதாக எங்கேனும் வலை இழுக்கும் தந்தையின் கையைப் பற்றியோ, தோட்டத்து லயத்தின் ஒழுகும் கூரையைப் பற்றியோ நான்கு வரி தென்படும். அவ்வரிகளிற் பிழையிருக்கலாம், மலரில் உயிருள்ள வரிகளும் அவையே.

இதற்கு மாறான மரபும் நம்மிடம் உண்டு. 1978 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கியபின், யாழ்ப்பாணத்துப் பாடசாலை அரங்கு புதுவழி கண்டது. மனனஞ்செய்த வசனத்தை ஒப்புவிப்பதற்குப் பதிலாக, பிள்ளைகள் கூடி விளையாடி ஆக்கும் அரங்கு அது. புள்ளியிற் பின்தங்கியவனுக்கும் அங்கே இடமிருந்தது. ஆண்டு மலரில் இத்தகைய முயற்சி “இரண்டாம் இடம் பெற்றோம்” என்ற ஒரு வரியாகச் சுருங்குவதுதான் வேதனை.

டொமினிக் ஜீவாவை நினைத்துப் பார்ப்போம். ஐந்தாம் வகுப்புக்கு மேற் படிக்க வாய்க்காது சலூனிலே தொழில் செய்தவர், 1966 இல் ‘மல்லிகை’யைத் தொடக்கிப் பல தசாப்தங்கள் நடத்தினார். சாதியின் பேராற் பள்ளி அவமதித்த பிள்ளைகளின் வரலாறு எந்தப் பரிசுப் பட்டியலிலும் பதிவாகவில்லை.

அடுத்த மலரைத் தொகுக்கவிருக்கும் ஆசிரியத் தோழர்களிடம் நாம் கேட்பது பெரிதன்று. ஆறாந்தரத்திற் சேர்ந்தோர் எத்துணைபேர், பதின்மூன்றாந்தரம்வரை வந்தோர் எத்துணைபேர் என்று அச்சிடுங்கள். பரிசு பெற்ற ஒவ்வொரு மாணவரின் பெயரருகே அவர் முதலிற் படித்த சிறு பாடசாலையின் பெயரையும் இடுங்கள். விளம்பரங்களுக்கு ஒதுக்கும் பக்கங்களுள் ஒன்று இதற்குப் போதும்.